நாற்பதில் மூப்பு: பெங்களூரின் ஆளெடுப்புக் கணக்கு

பெங்களூரில் வேலை தேடும் நாற்பத்தைந்து வயதுக்காரர் பயோடேட்டாவில் முதலில் எடுத்துவிடுவது பிறந்த தேதியை. அடுத்து எஸ்எஸ்எல்சி முடித்த ஆண்டு போகிறது. 1995 என்று அங்கே இருந்தால் வயதைக் கண்டுபிடிக்க எந்த ஹெச்.ஆர்.காரருக்கும் ஒரு நொடி போதும். நண்பர் ஒருவர் இந்த வேலையை என் எதிரில் உட்கார்ந்து செய்தார். எஸ்எஸ்எல்சி ஆண்டு போனது, பொறியியல் பட்டம் வாங்கிய ஆண்டு போனது. முதலில் வேலை பார்த்த நிறுவனம் இன்று வேறொன்றோடு இணைந்துவிட்டது. அந்தப் பழைய பெயரே வயதைச் சொல்லிவிடும் என்று அதையும் எடுத்தார். இருபத்திரண்டு ஆண்டு அனுபவம் 'பதினைந்துக்கும் மேல்' என்று சுருங்கியது. பிறகு நிறுவனத்தின் விண்ணப்பப் பக்கத்தைத் திறந்தார். பட்டம் பெற்ற ஆண்டுக்குப் பக்கத்தில், நிரப்பியே ஆக வேண்டும் என்று சொல்லும் சிவப்பு நட்சத்திரம் இருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தவர், எதுவும் சொல்லாமல் ஆண்டை நிரப்பினார்.

உழைக்கும் மக்கள் மூப்படைகிறார்கள் என்ற பேச்சு வந்ததும் நாம் உடலைப் பற்றி நினைக்கிறோம்: கண் மங்குகிறது, முதுகு வலிக்கிறது, புதியதைக் கற்க மனம் மறுக்கிறது. பெங்களூரின் எழுபது எண்பது ஆண்டுத் தொழில் வரலாற்றைப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. ஒருவரை எந்த வயதில் 'வயதானவர்' என்று இந்த நகரம் சொல்கிறது என்பதை அவருடைய உடல் தீர்மானித்ததே இல்லை. ஆளெடுப்பவர்களின் கணக்கு தீர்மானித்திருக்கிறது.

முதல் கணக்கு பொதுத்துறையினுடையது. 1940 டிசம்பரில் ஹெச்.ஏ.எல்., 1948இல் ஐ.டி.ஐ., 1953இல் ஹெச்.எம்.டி., 1954இல் பி.இ.எல்., 1964இல் பி.இ.எம்.எல். என்று தொழிற்சாலைகள் வரிசையாக வந்தன. அல்சூர், சிவாஜிநகர் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் யாராவது ஒருவர் இவற்றில் ஒன்றின் சைரன் ஒலிக்கு எழுந்து போனார். 1980 டிசம்பர் கடைசியில் தொடங்கி 77 நாள் நீடித்த பொதுத்துறை வேலைநிறுத்தத்தில் சுமார் 1.25 லட்சம் தொழிலாளர்கள் இறங்கினார்கள் என்றால், அன்றைய பெங்களூரில் இந்த ஆலைகளின் இடம் எவ்வளவு பெரியது என்று புரியும். இவர்களில் பெரும்பாலோர் இருபதுகளில் கூட்டம் கூட்டமாக எடுக்கப்பட்டவர்கள். அதனால் கூட்டமாகவே நாற்பதைத் தொட்டார்கள், கூட்டமாகவே ஐம்பதைத் தாண்டினார்கள்.

1991க்குப் பிறகு பொதுத்துறையின் பல இடங்களில் ஆளெடுப்புக் கதவு சாத்தப்பட்டது. புதிதாக யாரும் வராத ஆலையில் சராசரி வயது ஆண்டுக்கு ஏறக்குறைய ஓர் ஆண்டு கூடிக்கொண்டே போகும். இதில் வியப்பதற்கு ஒன்றும் இல்லை, கூட்டல் கணக்குதான். ஆனால் பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்து, 'இங்கே எல்லாரும் வயதானவர்கள், நவீனமாக முடியாது' என்று அதே ஆலையைப் பற்றிச் சொல்லப்பட்டது. கதவைச் சாத்தியவர்களே உள்ளே இருந்தவர்களின் வயதைக் குறையாகச் சொன்னார்கள். 1961இல் சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு தொடங்கிய ஹெச்.எம்.டி.யின் கடிகாரத் தொழிலை மூட மத்திய அமைச்சரவை 2016 ஜனவரியில் ஒப்புதல் தந்தபோது, அங்கே மிஞ்சியிருந்தவர்கள் நெடுநாள் பழைய சம்பள விகிதத்திலேயே வேலை பார்த்தவர்கள். விருப்ப ஓய்வுத் தொகையைக் கணக்கிடுவதற்காக மட்டும் 2007ஆம் ஆண்டுச் சம்பள விகிதத்தில் இருந்ததாக அவர்களை வைத்துக்கொண்டார்கள். வேலை பார்த்த காலத்தில் கைக்கு வராத விகிதம் அது.

வங்கிகளில் நடந்ததும் இதேதான். 1969இல் 14 வங்கிகளும் 1980இல் 6 வங்கிகளும் நாட்டுடைமையானதைத் தொடர்ந்து கிளைகள் பெருகின. இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட கனரா வங்கியும், 2019 வரை இங்கேயே தலைமையிடம் வைத்திருந்த விஜயா வங்கியும் இந்த அலையில் வளர்ந்தவை. தொண்ணூறுகளில் ஆளெடுப்பு ஒடுங்கியது. 2000-01இல் வந்த விருப்ப ஓய்வுத் திட்டத்தில் பொதுத்துறை வங்கிகளிலிருந்து ஒரு லட்சம் பேர் அளவில் வெளியேறினார்கள். பொதுத்துறை வங்கிகளின் பணியாளர் சிக்கல்களை ஆராய்ந்த கண்டேல்வால் குழு 2010இல் அறிக்கை தந்தபோது, எழுபதுகளில் சேர்ந்த தலைமுறை ஒரே பத்தாண்டில் ஓய்வுபெறப் போவது முதன்மையான கவலைகளில் ஒன்றாக இருந்தது. அவசர அவசரமாக ஆளெடுப்பு திரும்ப வந்தது, 2011இல் ஐ.பி.பி.எஸ். பொது எழுத்துத் தேர்வு தொடங்கியது. அந்த ஆண்டுகளில் பெங்களூரின் வங்கிக் கிளைகளுக்குப் போனவர்களுக்கு நினைவிருக்கும்: ஒரு மேசையில் ஐம்பத்தெட்டு வயது மேலாளர், பக்கத்து மேசையில் இருபத்து நான்கு வயது எழுத்தர். நடுவில் இருக்க வேண்டிய நாற்பது வயதுக்காரர் பல கிளைகளில் இல்லை, ஏனென்றால் அவரை வேலைக்கு எடுக்கவே இல்லை. கடன் கேட்டு வருகிறவரின் முகத்தைப் பார்த்து எடைபோடும் பழக்கம் பெரியவரிடமிருந்து இளையவருக்குப் போய்ச்சேர நடுவில் ஒரு தலைமுறை வேண்டும். அது அறுந்துவிட்டது.

பி.எஸ்.என்.எல். கதை இன்னும் வேகமானது. 2019 நவம்பரில் ஐம்பது வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு விருப்ப ஓய்வு அறிவித்தார்கள். 78,000க்கும் மேற்பட்டோர் எழுதிக் கொடுத்தார்கள். 2020 ஜனவரி 31 அன்று, ஒரே நாளில், நிறுவனத்தின் ஏறக்குறைய பாதிப் பேர் வீட்டுக்குப் போனார்கள். எந்தத் தெருவில் எந்தக் குழிக்குள் எந்தக் கேபிள் போகிறது என்ற அறிவில் எழுதிவைக்கப்படாத பகுதி முழுவதும் அவர்களோடே போனது.

இரண்டாவது கணக்கு தகவல் தொழில்நுட்பத் துறையினுடையது. இங்கே ஆளெடுப்பு நிற்பதில்லை. கீழ்ப்படியில் மட்டும் இடைவிடாமல் நடக்கிறது. இத்துறையில் இதைப் பிரமிட் என்பார்கள். ஒரு வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு ஒரு திட்டத்தை இத்தனை டாலருக்கு என்று பேசி முடிக்கிறார்கள். லாபம், அந்தத் திட்டத்தில் எத்தனை பேர் புதியவர்கள், எத்தனை பேர் மூத்தவர்கள் என்பதைப் பொறுத்தது. பெரிய நிறுவனங்களில் புதிதாகச் சேர்பவரின் ஆண்டுச் சம்பளம் பத்தாண்டுக்கும் மேலாக மூன்றரை லட்சத்தை ஒட்டியே நிற்கிறது. பதினெட்டு ஆண்டு அனுபவமுள்ளவருக்கு அதைப்போலப் பல மடங்கு. ஒவ்வொரு பதவி உயர்வும் அவரைப் பிரமிடின் குறுகலான பகுதிக்கு ஏற்றுகிறது. அங்கே இடம் குறைவு. நாற்பதைத் தாண்டும்போது அவர் வேலையில் எந்தக் குறையும் வைக்காமலே 'செலவு' என்ற பத்தியில் போய் நிற்கிறார்.

விளம்பரத்தில் வயது என்ற சொல்லே இருக்காது. '8 முதல் 12 ஆண்டு அனுபவம்' என்று இருக்கும். கீழ் எல்லை புரிகிறது. வேலைக்கு அவ்வளவு தேர்ச்சி வேண்டும். மேல் எல்லை எதற்கு? நம் நாட்டில் பெரும்பாலோர் இருபத்திரண்டில் கல்லூரி முடித்து நேராக வேலைக்குப் போகிறவர்கள். 22ஐக் கூட்டினால் 30 முதல் 34 என்று வயது கிடைக்கிறது. அனுபவத்துக்கு உச்சவரம்பு வைப்பது வயதுக்கு உச்சவரம்பு வைப்பதுதான். இங்கே ஆளெடுக்கும் கன்சல்டன்சிக்கு வழக்கமான கட்டணம் ஆண்டுச் சம்பளத்தில் 8.33 விழுக்காடு, அதாவது ஒரு மாதச் சம்பளம். அந்தக் கணக்கில் மூத்தவரைச் சேர்த்துவிட்டால் அவர்களுக்கு வருமானம் கூடுதல். இருந்தும் அவரை அனுப்புவதில்லை, ஏனென்றால் நிறுவனம் கொடுத்த வரம்பைத் தாண்டி ஒரு பெயர் போனால் அடுத்த முறை வேலையே வராது. ஆகவே அழைப்புப் பேசும் இருபத்தாறு வயதுப் பெண்ணின் மேல் கோபப்படுவதில் நியாயமில்லை. கோடு அவருக்கு மேலே போடப்படுகிறது.

ஆளெடுப்பவர்கள் சொல்லும் காரணங்களையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். தன்னைவிடப் பத்து வயது இளையவரின் கீழ் இவர் வேலை பார்ப்பாரா, முன்பு வாங்கியதைவிடக் குறைந்த சம்பளத்துக்கு வந்தவர் நிலைப்பாரா, குழுக் காப்பீட்டுப் பிரீமியம் ஏறுமே என்றெல்லாம் கேட்கிறார்கள். இவை பொய்க் காரணங்கள் இல்லை. ஆனால் இவற்றில் எதையும் வேலை கேட்டு வந்தவரிடம் நேரில் கேட்பதில்லை என்பதுதான் என் குறை. கேட்டால் பதில் சொல்வார். வடிகட்டியில் நின்றுவிட்ட பயோடேட்டாவுக்குப் பதில் சொல்ல வாயில்லை.

உச்சியில் மட்டும் இந்தக் கணக்கு தலைகீழாகிறது. 2013இல் இன்ஃபோசிஸ் தடுமாறியபோது அதன் நிறுவனர்களில் ஒருவரான நாராயண மூர்த்தி 66 வயதில் திரும்ப அழைக்கப்பட்டார். 2017 ஆகஸ்டில் மறுபடி நெருக்கடி வந்தபோது இன்னொரு நிறுவனர் நந்தன் நிலேகனி 62 வயதில் தலைவராக வந்தார். நல்ல முடிவுகள், நிறுவனத்தின் நினைவைத் தாங்கியவர்கள் அவர்கள். அதே நினைவு நடுப்படியில் இருப்பவரிடமும் இருக்கிறது. பதினைந்து ஆண்டுக்கு முன் எழுதிய மென்பொருள் எந்த இடத்தில் உடையும் என்று அவருக்குத் தெரியும்.

சட்டம் இங்கே என்ன செய்கிறது? 1947ஆம் ஆண்டுத் தொழிற்தகராறு சட்டத்தின் 25ஜி பிரிவு, ஆட்குறைப்பு செய்தால் கடைசியில் சேர்ந்தவர் முதலில் போக வேண்டும் என்ற முறையைப் பொது விதியாக வைத்தது. பல ஆண்டு உழைத்தவருக்கு வேறிடத்தில் வேலை கிடைப்பது கடினம் என்பதை அந்த விதி உணர்ந்திருந்தது. பெங்களூரின் கண்ணாடிக் கட்டடங்களில் நடைமுறை நேர் எதிர். 2025 ஜூலையில் டி.சி.எஸ். தன் பணியாளர்களில் சுமார் 2 விழுக்காட்டினரை, 12,000க்கும் மேற்பட்டோரைக் குறைக்கப்போவதாக அறிவித்தபோது, பெரும்பாலும் நடுத்தர, மூத்த நிலைகளில் இருப்பவர்கள்தான் பாதிக்கப்படுவார்கள் என்று அந்த நிறுவனமே சொன்னது. திறன் பொருந்தாமையைக் காரணமாகக் காட்டியது. மேலாளர் என்று பதவிப் பெயர் வாங்கியவர் சட்டத்தின் 'தொழிலாளி' வரையறைக்குள் வருவாரா என்பதே வழக்காகிவிடுகிறது. 2017இல் பதிவான கர்நாடக ஐ.டி. ஊழியர் சங்கமான கே.ஐ.டி.யு. இந்தக் கேள்வியோடுதான் தொடக்கத்திலிருந்து போராடுகிறது. அதே 2017இல்தான் கர்நாடக அரசு, பணி நிபந்தனைகளை வகுக்கும் நிலையாணை விதிகளைத் திருத்தித் தனியார் தொழிலகங்களில் ஓய்வு வயதை 58லிருந்து 60 ஆக்கியது. ஆனால் ஐ.டி. நிறுவனங்களுக்கு நிலையாணைச் சட்டத்திலிருந்தே 2014 முதல் விலக்கு இருந்தது. 2019இலும் 2024இலும் ஐந்தைந்து ஆண்டுகளுக்கு அது நீட்டிக்கப்பட்டது. நகரத்தின் அடையாளமாகிவிட்ட தொழிலை அந்த அறுபது எட்டவே இல்லை.

அரசியலமைப்பின் 15ஆவது பிரிவு மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் என்று எண்ணிச் சொல்கிறது, வயதைச் சொல்லவில்லை. 2019ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பு ஆளெடுப்பில் பால் பாகுபாடு கூடாது என்கிறது. வயதைப் பற்றி மௌனம். அமெரிக்காவில் நாற்பது கடந்தவர்களைக் காக்கும் சட்டம் 1967இலேயே வந்துவிட்டது. அது மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். நியூமார்க், பர்ன், பட்டன் என்ற மூன்று பொருளியலாளர்கள் வயதை மட்டும் மாற்றி 40,000க்கும் மேற்பட்ட கற்பனை விண்ணப்பங்களை அங்கே அனுப்பிப் பார்த்தார்கள். 2019இல் வெளியான அந்த ஆய்வில், வயதானவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, அழைப்பு தெளிவாகக் குறைந்தது. சட்டம் இருக்கும் நாட்டிலேயே இந்த நிலை.

பெண்கள் என்றதும் பெங்களூரில் நினைவுக்கு வர வேண்டியது 2016 ஏப்ரல். அந்த ஆண்டு பிப்ரவரியில் மத்திய அரசு பி.எஃப். விதியை மாற்றியது: முதலாளி செலுத்திய பங்கை 58 வயதுவரை எடுக்க முடியாது. ஏப்ரல் 18, 19 தேதிகளில் ஆயத்த ஆடைத் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், பொம்மனஹள்ளியிலும் பீன்யா பக்கமும் ஆயிரக்கணக்கில் சாலைக்கு வந்தார்கள். ஓசூர் சாலை நின்றது. தடியடி நடந்தது, கண்ணீர்ப் புகை வீசப்பட்டது. இரண்டாம் நாளே அரசு அந்த விதியைத் திரும்பப் பெற்றது.

தில்லியில் விதி எழுதியவர்களுக்கு 58 என்பது ஓய்வு வயது. தையல் லைனில் உட்கார்ந்திருப்பவருக்கு அது எட்டாத எண். மணிக்கு இத்தனை உருப்படி என்று டார்கெட் வைத்து வேலை வாங்கும் இடத்தில், ஊசியில் நூல் கோக்கக் கண்ணைச் சுருக்கத் தொடங்கும் வயது நாற்பதை ஒட்டி வருகிறது. அதன்பின் சூப்பர்வைசரின் ஏச்சு கூடும். வேலை தானாக விட்டுப்போகும். வாசலில் நின்று ஆள் எடுப்பவர்கள் இளம்பெண்களைத்தான் தேடுவார்கள். ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் நடுவில் அந்தப் பெண்களின் வயிற்றைக் காப்பாற்றியது பி.எஃப். பணம். அந்த இரண்டு நாள் போராட்டத்தை வைப்புநிதிப் போராட்டம் என்றே பத்திரிகைகள் எழுதின. என் பார்வையில், எந்த வயதுவரை எங்களை வேலையில் வைத்திருப்பீர்கள் என்று இந்த நகரத்தைப் பார்த்துக் கேட்ட முதல் பெரிய கேள்வி அது.

பென்ஷன் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். 1995ஆம் ஆண்டு ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தில் கணக்கில் வரும் சம்பளத்துக்கு 15,000 ரூபாய் வரம்பு. அதைப் பணியாண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுக்க வேண்டும். 27 வயதில் சேர்ந்து 45இல் வெளியேற்றப்பட்டவருக்கு 18 ஆண்டு. மிஞ்சிப்போனால் மாதம் 3,857 ரூபாய். முழுத் தொகையாக வேண்டுமென்றால் 58 வயதுவரை காத்திருக்க வேண்டும். நடுவில் பதின்மூன்று ஆண்டுகள்.

அந்தப் பதின்மூன்று ஆண்டுகளில் மனிதர்கள் எங்கே போகிறார்கள் என்பதற்குக் கோலார் தங்கவயல் ஒரு விடை தருகிறது. 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் தொடங்கி, தமிழ்த் தொழிலாளர்களின் உழைப்பில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிய அந்தச் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. நாற்பதிலும் ஐம்பதிலும் இருந்தவர்களின் கையில் வேறு தொழில் இல்லை. ஊரில் வேலையில்லை, பெங்களூருக்கு ரயில் இருந்தது. மாரிக்குப்பத்தில் ஏறி, பங்காருபேட்டை, மாலூர் வழியாக ஒயிட்ஃபீல்டில் இறங்குவார்கள். அங்கே எழுந்துகொண்டிருந்த கட்டடங்களின் வாசலில், அவர்களின் வயதைப் பற்றிக் கவலைப்படாத ஒரே ஆளெடுப்பு காத்திருந்தது: செக்யூரிட்டி ஏஜென்சி. 2005ஆம் ஆண்டுத் தனியார் பாதுகாப்பு முகமைச் சட்டம் காவலருக்கு வைத்திருக்கும் வயது வரம்பு 18 முதல் 65க்குள். இரவெல்லாம் வாசலில் நிற்கிறவருக்கு அறுபத்தைந்து வரை தகுதி உண்டு. அதே கட்டடத்தின் ஆறாவது மாடியில் நாற்காலியில் உட்கார்ந்து யோசிக்கிறவர் நாற்பத்தைந்தில் தகுதி இழக்கிறார். உடலால்தான் மூப்பு தீர்மானிக்கப்படுகிறது என்றால் இந்த இரண்டு எண்களும் இடம் மாறியிருக்க வேண்டும்.

வயது ஏறினால் உழைப்பின் தரம் குறைகிறதா என்பதைத் தொழிற்சாலைத் தளத்திலேயே அளந்து பார்த்திருக்கிறார்கள். ஜெர்மனியில் மெர்சிடிஸ் பென்ஸ் லாரி ஆலையில் பல ஆண்டுத் தவறுப் பதிவுகளை பொயர்ஷ்-சூப்பான், வைஸ் என்ற இருவர் ஆராய்ந்தார்கள். அறுபது வயதுவரை உற்பத்தித்திறன் சரிந்ததற்குச் சான்று இல்லை. மூத்தவர்கள் சிறு தவறுகளைச் சற்றுக் கூடுதலாகச் செய்தார்கள். பெருந்தவறுகளை அரிதாகவே செய்தார்கள். பி.எம்.டபிள்யூ. நிறுவனம் 2007இல் டிங்கோல்ஃபிங் ஆலையின் ஒரு லைனில் சராசரி வயது 47 ஆகும்படி வேண்டுமென்றே ஆட்களை அமர்த்திப் பார்த்தது. என்ன மாற்ற வேண்டும் என்று அந்தத் தொழிலாளர்களையே கேட்டார்கள். மரத்தளம் போட்டார்கள், உட்கார நாற்காலி வைத்தார்கள், பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடியும் பெரிய எழுத்துத் திரையும் வைத்தார்கள். இப்படி எழுபது சிறு மாற்றங்கள். மொத்தச் செலவு 40,000 யூரோ அளவில். ஓராண்டில் அந்த லைனின் உற்பத்தித்திறன் 7 விழுக்காடு கூடியது. ஊசியில் நூல் கோக்கத் திணறும் பெண்ணுக்கு ஒரு நல்ல விளக்கும் ஒரு மூக்குக்கண்ணாடியும் கொடுத்தால் என்ன ஆகும் என்று பொம்மனஹள்ளியில் எந்த ஆலையாவது இப்படி அளந்து பார்க்க வேண்டும். விலை உயர்ந்த சோதனை இல்லை இது.

நேரமும் அதிகம் இல்லை. கர்நாடகத்தின் மகப்பேற்று விகிதம் 2019-21 குடும்பநல ஆய்வின்படி 1.7, தமிழ்நாட்டில் 1.8. ஒரு தலைமுறை தன்னை ஈடுகட்டத் தேவையான 2.1ஐவிட இரண்டும் குறைவு. நாட்டில் அறுபது கடந்தவர்கள் 2022இல் 14.9 கோடி, 2050இல் 34.7 கோடி ஆவார்கள் என்கிறது ஐ.நா. மக்கள்தொகை நிதியத்தின் 2023 அறிக்கை. பிரமிடின் அடித்தளத்துக்கு ஆண்டுதோறும் இளைஞர்களைக் கொட்டிக்கொண்டே இருக்கலாம் என்ற எண்ணம் தென்னிந்தியாவில் இன்னும் ஒரு தலைமுறைக்குத் தாங்காது. இலங்கை 2021இல் தனியார் துறைக்குக் குறைந்தபட்ச ஓய்வு வயதைச் சட்டமாக்கி அறுபது என்று வைத்தது. சிங்கப்பூரில் ஓய்வு வயதை எட்டியவருக்கு மறுவேலை தரும் கடமையே சட்டத்தில் இருக்கிறது; 2025இல் நிறைவேற்றப்பட்ட பணியிட நியாயச் சட்டம் வயதுப் பாகுபாட்டையும் தடுக்க வகைசெய்கிறது. இங்கே மத்திய அரசு 2021இல் மூத்தோருக்கான சேக்ரெட் வேலைவாய்ப்புத் தளத்தைத் திறந்தது. பெங்களூரில் நைட்டிங்கேல்ஸ் மெடிக்கல் டிரஸ்ட் அறுபது கடந்தவர்களுக்காக வேலைவாய்ப்பு முகாம் நடத்துகிறது. நல்ல முயற்சிகள்தாம். ஆனால் அறுபதுக்கு மேல் திறக்கும் கதவு, நாற்பத்தைந்தில் வெளியே நிற்பவருக்கு உதவாது.

கர்நாடக அரசிடம் கேட்க ஒரு சிறிய காரியம் இருக்கிறது. ஐ.டி. நிறுவனங்களுக்கு நிலையாணைச் சட்டத்திலிருந்து தந்த விலக்கில் ஏற்கெனவே ஒரு நிபந்தனை உண்டு: பணிநீக்கம், இடைநீக்கம், பதவியிறக்கம் போன்றவற்றைத் தொழிலாளர் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தப் படிவத்தில் வயது என்று ஒரு பத்தியைச் சேர்க்கட்டும். புதிதாக எடுத்தவர்களின் வயதையும் அதோடு கேட்கட்டும். எண்கள் வெளியே வந்தால், நாற்பதில் கோடு போடுகிறார்களா இல்லையா என்று வாதாட வேண்டிய தேவையே இருக்காது. 2024இல் நீட்டித்த ஐந்தாண்டு 2029இல் முடிகிறது.